அழைப்பிதழுக்குள் அரவம்

பிள்ளையார்பாளையத்துத் தெருவொன்றில் காலை நேரத்தில் நடந்து பாருங்கள், தோழர்களே! வீட்டுக்குள்ளே தறிக்குழி, குழிக்குள்ளே கால் மிதிக்கும் நெசவாளர், அவர் கைக்கெட்டும் தூரத்தில், பட்டுக்கும் ஜரிகைக்கும் பக்கத்தில், இன்று ஒரு கைப்பேசி. கூலிக் கணக்கும் அதிலே, பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் அதிலே, வங்கியில் கிடக்கும் நாலு காசும் அதிலே.

அந்தக் கைப்பேசிக்கு ஒரு திருமண அழைப்பிதழ் வருகிறது. காஞ்சி நெசவாளருக்குத் திருமணம் என்பது வெறும் விருந்து அல்ல; அது வேலை, அது வாழ்வு. எங்கோ ஓர் ஊரில் ஒரு மணமகள் மணையில் அமர்ந்தால்தான் இங்கே ஓர் அடுப்பு எரியும். ஆகவே, அழைப்பிதழ் என்றதும் அவர் முகம் மலர்கிறது, விரல் விரைகிறது, தொடுகிறார், திறக்கிறார்.

திறந்தது அழைப்பிதழா? அன்று! ‘ஏபிகே’ என்று பெயர் முடிகிற ஒரு செயலி. உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்க இசைவு தருகிறீரா என்று கேட்கிறது. கேட்பது எதுவென்று புரியாமலே தந்துவிடுகிறார். வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண் அவர் கண்ணுக்கு எட்டுமுன் கள்வனின் கைக்கு எட்டிவிடுகிறது. மணமகனும் இல்லை, மணமகளும் இல்லை. மொய் மட்டும் போய்விட்டது! அதோடும் விட்டதா? அதே அழைப்பிதழ், அவர் பெயரிலேயே, அவருடைய உற்றாருக்கும் உறவினருக்கும் பறக்கிறது. மாமன் அனுப்பினார் என்று மைத்துனன் திறக்கிறான்.

இது என் கற்பனை நாடகத்தின் காட்சி என்று எண்ணிவிடாதீர்கள். 2024-ஆம் ஆண்டின் திருமணப் பருவத்தில் இதே வகைப் பொய் அழைப்பிதழ் குறித்துக் காவல்துறையினர் எச்சரிக்கை விடுத்தனர். போக்குவரத்து அபராதச் சீட்டு என்ற வேடத்திலும் இதே கள்வன் வந்தான். வேடம் மாறும், வேலை மாறாது.

“தெரியாதவர் அனுப்புவதைத் தொடாதீர்கள்” என்று சொல்லிவிட்டு அமைச்சர்களும் அதிகாரிகளும் கடமை முடிந்தது எனக் கைகழுவுகிறார்கள். நல்ல அறிவுரைதான், நானும் சொல்கிறேன், தொடாதீர்கள். ஆனால் அதோடு முடிந்துவிடுமா? நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. அந்தப் பொய் அழைப்பிதழை உடைத்து, உள்ளே இருப்பது என்ன, அதை ஏவியவன் எங்கே இருக்கிறான் என்று பார்க்கிற அறிவு இந்த நாட்டில் யாரிடம் இருக்கிறது? யாரிடம் இருக்க வேண்டும்? அந்த அறிவு நம்மிடம் இல்லாவிட்டால் நமக்கு நேர்வது என்ன?

கணினிக்கும் கைப்பேசிக்கும் இடப்படும் கட்டளைகளின் வரிசைக்கு நிரல் என்று பெயர். தீமை செய்வதற்கென்றே எழுதப்பட்டது தீநிரல். வைரஸ் என்று வீதியில் சொல்கிறோமே, அது இந்தப் பெருங்குடும்பத்தின் ஒரு பிள்ளை மட்டுமே. ஒற்று வேலை பார்ப்பது ஒன்று; பணம் பறிப்பது ஒன்று; கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பிணைப்பணம் கேட்பது மற்றொன்று. இவற்றைப் பிடித்து, அடைத்து, அவிழ்த்து, அறிவதே தீநிரல் ஆய்வு.

“அதெல்லாம் பெரிய படிப்பாயிற்றே, நமக்கு எட்டுமா?” என்று மலைக்கின்றீர்களா? பிள்ளையார்பாளையத்துக்காரர் மலைக்கலாமா? மினுமினுப்பைக் கண்டு மயங்கி ஜரிகை வாங்குவாரா நம் நெசவாளர்? மாட்டார்! இழையைச் சுரண்டிப் பார்ப்பார். உள்ளே சிவந்த பட்டிழை தெரிகிறதா, அதன்மேல் சுற்றியிருப்பது வெள்ளியா, செம்பா என்று பார்ப்பார். பளபளப்பு சொல்வதை நம்பாமல் உள்ளிருப்பதைக் கேட்பது அவர் தொழிலோடு பிறந்த பழக்கம்.

இன்னும் ஒன்று சொல்கிறேன். தறியின் தலைமேல் ஜக்கார்டுப் பெட்டி இருக்கிறதே, அதிலே தொங்கும் அட்டைகளைப் பாருங்கள். துளை இருந்தால் ஓர் இழை எழும். துளை இல்லையேல் எழாது. 1804-ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டில் ஜக்கார்டு என்பார் உருவாக்கிய அந்த முறைதான், பின்னாளில் கணிப்பொறிகளுக்குத் துளையட்டை வழியே கட்டளையிடும் எண்ணத்துக்கு வித்திட்டது. ஒன்று, சுழியம் என்று இன்றைய கணினி பேசுகிறதே, அது துளை உண்டு, துளை இல்லை என்ற அதே பேச்சுத்தான். கணினிக்கு முன்னோடி தறி! அட்டையைப் பார்த்தே இது அன்னமா, மயிலா என்று அறியக்கூடியவர்கள் வாழ்கிற ஊர் இது.

ஓர் இரவில் எவனோ ஒருவன் உள்ளே புகுந்து, அட்டையில் வேண்டாத துளைகளைக் குத்திவிட்டுப் போய்விட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் சேலையில் மயில் வரவேண்டிய இடத்தில் வேறெதுவோ வரும். தறியின்மீது குற்றமா? நெய்தவர்மீது குற்றமா? குற்றம் துளையில் இருக்கிறது, துளையிட்டவனிடம் இருக்கிறது. ஆனால் அட்டையைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லையென்றால்? பழி நெசவாளர் தலையில்தான் விடியும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

தீநிரலை ஆய்வோர் செய்வதுதான் என்ன? முதலில் அதைத் தனிச்சிறையில் அடைக்கிறார்கள். கணினிக்குள்ளேயே ஒரு போலிக் கணினியை அமைத்து, வெளியுலகத் தொடர்பை அறுத்து, அதற்குள் விடுகிறார்கள். அடுத்து அதன் கைரேகையை எடுக்கிறார்கள். கணக்கு முறையொன்றால் கிடைக்கும் 64 குறிகள் கொண்ட வரிசை அது. நிரலில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கைரேகை அடியோடு மாறிவிடும். பிறகு நிரலை இயக்காமலே அதன் வயிற்றில் கிடக்கும் சொற்களைப் படிக்கிறார்கள்: முகவரி ஏதும் உண்டா, கடவுச்சொல் உண்டா, ஊர்ப்பெயர் உண்டா என்று. அதன்பின் இயக்கிப் பார்க்கிறார்கள்: எந்தக் கோப்பைத் தொடுகிறது, எங்கே ஒளிகிறது, எந்தத் தொலைநாட்டுக் கணினியை அழைக்கிறது என்று குறிப்பெடுக்கிறார்கள். கடைசியில், எந்திர மொழியை மனிதர் படிக்கும் கட்டளைகளாகப் பிரித்து, வரிவரியாக உட்கார்ந்து படிக்கிறார்கள்.

தீநிரலும் இலேசுப்பட்டதல்ல. தன்னை யாரோ உற்றுப் பார்க்கிறார்கள் என்று உணர்ந்தால் உறங்குவதுபோல் நடிப்பவையும் உண்டு. நாடக மேடையில் ஒற்றர் வேடத்தைப் பலமுறை எழுதிப் பழகியவன் நான்; இவ்வளவு சிறந்த நடிகனை நான் படைத்ததில்லை!

இந்த ஆய்வுக்கான கருவிகள் கோடி கொடுத்தால்தான் கிடைக்குமோ? இல்லை. அமெரிக்க நாட்டின் தேசியப் பாதுகாப்பு முகமை, உலகை ஒட்டுக்கேட்டதாகப் பழிக்கப்பட்ட அதே முகமை, ‘கிட்ரா’ என்ற தன் ஆய்வுக் கருவியை 2019-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் உலகோர் அனைவருக்கும் இலவசமாக வெளியிட்டது. கருவி இருக்கிறது, கற்பிப்போர் இல்லை. கதவு திறந்திருக்கிறது, வழிகாட்டிப் பலகை நம் மொழியில் இல்லை.

இனி, இந்த அறிவு ஏன் மக்கள் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு, நம் தென்கோடியில் நடந்ததைச் சொல்கிறேன்.

2019-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள். உலகெங்கும் பிடிபடும் ஐயத்துக்குரிய கோப்புகளை இட்டுப் பார்க்கும் ‘வைரஸ்டோட்டல்’ என்ற பொது இடத்தில் ஒரு தீநிரல் வந்து விழுந்தது. ‘டிடிராக்’ என்ற குடும்பத்தைச் சேர்ந்தது அது. தட்டச்சுப் பலகையில் விழும் ஒவ்வோர் எழுத்தையும் ஒற்றறிவது, இணையத்தில் பார்த்தவற்றின் பட்டியலைத் திரட்டுவது, கோப்புகளின் பெயர்களை அள்ளுவது அதன் தொழில். ஆய்வோர் அதன் வயிற்றைத் திறந்தனர். உள்ளே கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம் பொறிக்கப்பட்டிருந்தது! அந்த நிலையத்துக்கென்றே தைத்த சட்டை போல இருந்தது அந்தத் தீநிரல். செய்தி பரவிற்று, நாடு திடுக்கிட்டது.

மறுநாள், அக்டோபர் 29. கூடங்குளம் நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது: பரவுவது பொய்ச் செய்தி, நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து நிற்பவை, வெளியுலக வலையோடு இணையாதவை, அவற்றின்மீது இணையத் தாக்குதல் இயலாத ஒன்று.

அதற்கும் மறுநாள், அக்டோபர் 30. இந்திய அணுமின் கழகம் வாய் திறந்தது: தீநிரல் கண்டறியப்பட்டது உண்மையே, நாட்டின் கணினி அவசரநிலைக் குழு செப்டம்பர் 4-ஆம் நாளே தெரிவித்துவிட்டது, நிர்வாகப் பணிக்கான வலையில் இணைந்திருந்த ஒரு கணினியே பாதிக்கப்பட்டது, உள்கட்டுப்பாட்டு வலை தனியானது, அது பாதிக்கப்படவில்லை.

கட்டுப்பாட்டு அமைப்பு தொடப்படவில்லை என்ற கூற்றை நான் மறுக்க வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். செப்டம்பர் 4-இல் அறிந்ததை அக்டோபர் 29-இல் பொய்ச் செய்தி என்பானேன்? 30-இல் உண்மை என்பானேன்? ஒரே இரவில் பொய் மெய்யான மாயம் என்ன? மாயமில்லை, தோழர்களே! யாரோ சிலர் அந்தத் தீநிரலை அவிழ்த்துப் படித்துவிட்டார்கள். படித்ததை ஊரறியச் சொல்லிவிட்டார்கள். அதனால் உண்மை வெளிவந்தது. அவிழ்க்கத் தெரிந்தவர் இல்லாதிருந்தால் 29-ஆம் நாள் அறிக்கையே இறுதி அறிக்கையாக இருந்திருக்கும். இடிந்தகரையின் மீனவரும் இதர ஊராரும் அதைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

இதே குடும்பத் தீநிரலின் முன்னோடி ஒன்று 2018-ஆம் ஆண்டிலேயே இந்திய வங்கிகளின் ஏ.டி.எம். எந்திரங்களில் கண்டறியப்பட்டது என்பதையும், அதைத் தொடர்ந்து தோண்டியதில் 180-க்கும் மேற்பட்ட உறவினர் வெளிப்பட்டனர் என்பதையும் உலகுக்குச் சொன்னது எது? 2019 செப்டம்பரில் ரஷ்ய நாட்டு நிறுவனமான காஸ்பர்ஸ்கி! நம் வங்கி, நம் எந்திரம், நம் பணம். ஆராய்ந்து சொன்னது அயல்நாடு. நாணமில்லையா நமக்கு?

அணுமின் நிலையமும் வங்கியும் பெரியவர்களின் வீடுகள். ஏழை எளியவர்க்கு என்ன என்று கேட்பீர்கள். கேளுங்கள், ஒரு முதியவரின் கதையை.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்து விரகாலூரில் 1937-இல் பிறந்த தமிழர் ஸ்டேன் சாமி. சார்க்கண்டுப் பழங்குடியினரின் நில உரிமைக்காக நெடுங்காலம் உழைத்த பாதிரியார். பீமா கோரேகாவ் வழக்கில் 2020 அக்டோபர் 8-ஆம் நாள் அவரைக் கைது செய்தது தேசியப் புலனாய்வு முகமை. வயது 83. நடுக்குவாத நோய். தண்ணீர்க் குவளையைப் பிடிக்க இயலாத கைகள். உறிஞ்சுகுழல் தாருங்கள் என்று நீதிமன்றத்திடம் கேட்க வேண்டியிருந்தது அவருக்கு. பிணை கேட்டார், காத்திருந்தார், 2021 சூலை 5-ஆம் நாள், காவலில் இருந்தபடியே, மும்பை மருத்துவமனையில் கண்ணை மூடினார்.

17 திங்கள் கழிந்தன. 2022 டிசம்பரில், வழக்கறிஞர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் அவர் கணினியின் படியை ஆராய்ந்த ‘ஆர்சனல்’ என்ற அமெரிக்கத் தடய ஆய்வு நிறுவனம் தன் அறிக்கையைத் தந்தது. 2014-ஆம் ஆண்டு முதல் 2019-இல் கைப்பற்றப்படும் வரை அந்தக் கணினி ஒரு மறைவான கையின் ஆட்சியில் இருந்தது என்றும், 40-க்கும் மேற்பட்ட ஆவணங்கள் அவர் அறியாமலே அதில் இடப்பட்டன என்றும் அவ்வறிக்கை கூறியது. அதே வழக்கின் ரோனா வில்சன் கணினி குறித்து 2021 பிப்ரவரியில் வெளிவந்த அறிக்கையிலும் இதையொத்த செய்தி. குற்றம் சாட்டும் கடிதங்கள், அந்தக் கணினியில் இல்லவே இல்லாத ஒரு புதிய ‘வேர்டு’ பதிப்பில் ஆக்கப்பட்டவை என்றும், மறைவான உறைக்குள் கிடந்த அவற்றை அக்கணினியில் யாரும் திறந்ததற்கான தடயமே இல்லை என்றும் ஆய்வு சொன்னது. புலனாய்வு முகமையோ, ஏற்புடைய ஆய்வகம் பார்த்தாயிற்று, தீநிரல் ஏதும் இல்லை என்றது.

இரண்டு ஆய்வுகள், இரண்டு முடிவுகள். எது மெய் என்று தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் வேலை. என் வேலை அன்று. ஆனால் நான் முன்பு சொன்ன அட்டையை நினைத்துப் பாருங்கள். துளையிட்டவன் யார் என்ற கேள்விக்கு விடை வருமுன்னே அந்த முதியவரின் உயிர் போய்விட்டது. ஆய்வு அவருடைய வாழ்நாளில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீதிபதியாவது கேட்டிருக்கலாமே! வழியில்லாமற் போயிற்று. செல்வமும் தொடர்பும் உள்ளவர்க்கு அமெரிக்க ஆய்வு கிட்டலாம். நாளை பிள்ளையார்பாளையத்து இளைஞனொருவனின் கைப்பேசியில் எவனோ எதையோ இட்டுவிட்டு அவனைப் பிடித்துப் போனால், அவனுக்காக ஆராய்ந்து சொல்ல யார் இருக்கிறார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஏ பிரிவைப் பாருங்கள். மின்னணுச் சான்றை ஆராய்ந்து நீதிமன்றத்தில் கருத்துரைக்கும் ஆய்வாளராக எந்த அமைப்பையும் அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கே உரியது. மாநில அரசின் ஆய்வகமே ஆனாலும் தில்லி தலையசைத்தால்தான் அந்தத் தகுதி. காவல் மாநிலத்தின் பொறுப்பாம். கண்ணாடி மட்டும் தில்லியின் கையில் இருக்குமாம்! 2021-இல் பெகாசசு ஒட்டுக்கேட்பு விவகாரம் எழுந்தபோது நடந்ததென்ன? உச்சநீதிமன்றம் அமைத்த குழு 29 கைப்பேசிகளை ஆராய்ந்தது. ஐந்தில் ஏதோ ஒரு தீநிரல் இருந்தது. அது பெகாசசுதான் என்று உறுதி செய்ய இயலவில்லை. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு கூறியதாக 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதியே மன்றத்தில் தெரிவித்தார். ஐயத்துக்கு உள்ளானவரே சாவியையும் வைத்திருந்தால் பூட்டு எப்படித் திறக்கும்?

“தீநிரலை ஆராயக் கற்றுக்கொடுத்தால் தீநிரல் எழுதவும் கற்றுக்கொள்வார்களே, திருடர்களை வளர்க்கவா சொல்கிறீர்?” என்று கேட்போர் உண்டு. நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடை சொல்ல வேண்டும்.

2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் ‘வன்னாகிரை’ என்ற தீநிரல் உலகைச் சூழ்ந்தது. ஏறத்தாழ 150 நாடுகள். 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள். இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் சிகிச்சைகள் நின்றன. அதைத் தடுத்தவர் யார்? பல்கலைக்கழகப் பட்டம் ஏதுமில்லாத 22 வயது ஆங்கிலேய இளைஞர், மார்கசு அட்சின்சு. தீநிரலைப் பிரித்துப் பார்த்தார். யாருக்கும் உரிமையில்லாத ஓர் இணைய முகவரியை அது ஓயாமல் அழைப்பதைக் கண்டார். சில டாலர் கட்டி அந்த முகவரியைத் தம் பெயரில் பதிந்தார். முகவரி உயிர் பெற்றதும் தீநிரல் பரவுவதை நிறுத்திக்கொண்டது!

அதே இளைஞர், அதற்குமுன் தம் விடலைப் பருவத்தில் வங்கிக் கொள்ளைக்கான தீநிரல் எழுதியவர் என்பதும் உண்மை. அதற்காக அமெரிக்காவில் கைதானார், குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2019-இல் நீதிபதி அவருடைய நற்பணியையும் எடைபோட்டு, மேலும் சிறையின்றி விடுவித்தார். நான் மறைக்கவில்லை: அறிவு கத்திதான். ஆனால் கத்தியை யாருக்கும் காட்டாமல் ஒளித்து வைப்பதால் கள்வன் வெறுங்கையோடு நிற்பதில்லை. காவலன்தான் வெறுங்கையோடு நிற்கிறான்.

நம் ஊரை அடுத்தே விடை இருக்கிறது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலி. 1978-இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே என்ன செய்கிறது? நாகத்தையும் விரியனையும் பிடித்து, நஞ்சைக் கறந்து, நஞ்சுமுறி மருந்து செய்வோருக்குத் தருகிறது. பாம்பைத் தொடாதே என்று சொல்லிவிட்டு எல்லோரும் ஒதுங்கியிருந்தால் பாம்பு கடித்த உழவர் பிழைப்பாரா? பாம்பை அறிந்தவர் கையால்தான் பாம்புக்கு மருந்து. அந்த அறிவுக்கு உரியவர் பட்டதாரிகள் அல்லர்; நாம் ஒதுக்கி வைத்த பழங்குடி மக்கள்! அழைப்பிதழுக்குள் வரும் அரவத்துக்கும் அப்படி ஒரு சங்கம் வேண்டும்.

ஆகவே கேட்கிறோம். மாவட்டந்தோறும் ஒரு தீநிரல் ஆய்வுக்கூடம் வேண்டும். பொய் அழைப்பிதழோடு வரும் நெசவாளருக்கு, நடந்தது என்ன என்று தமிழில் எழுதித் தரவேண்டும். அரசுக் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் இந்த ஆய்வைத் தமிழில் கற்பிக்க வேண்டும். எவருடைய கணினியைக் கைப்பற்றினாலும், கைப்பற்றிய இடத்திலேயே, உரியவர் கண்முன்னே அதன் கைரேகையை எடுத்து ஒரு படியைக் கொடுக்க வேண்டும். தற்சார்பான ஆய்வாளரை நாடும் உரிமை ஏழைக்கும் அரசுச் செலவில் வேண்டும். ஆய்வாளரை அறிவிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கும் வேண்டும். அந்த ஆய்வுக்கூடம் எந்த அமைச்சரின் விரலசைவுக்கும் அடங்காததாக இருக்க வேண்டும். நம்முடைய அமைச்சரே ஆயினும்! தில்லியிடம் கேட்கும் கேள்வியை நம் கோட்டையிடம் கேட்கத் தயங்கினால் நம் பேச்சு வெறும் மேடைப் பேச்சாகிவிடும்.

தமிழில் முடியுமா என்று ஐயுறுவோருக்கு ஒரு சொல். 1942-இல் இதே காஞ்சியிலிருந்து அண்ணா ‘திராவிட நாடு’ ஏட்டை வெளியிட்டபோது, பொருளாதாரமும் உலக அரசியலும் ஆங்கிலம் கற்றோரின் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தன. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஒருவர் படிக்கப் பத்துப்பேர் கேட்டனர், அறைக்கதவு உடைந்தது. அரசியலை அவிழ்த்துக் காட்டிய மொழிக்கு ஒரு நிரலை அவிழ்த்துக் காட்ட இயலாதா?

இன்று மாலையில் உங்கள் கைப்பேசிக்கும் ஓர் அழைப்பிதழ் வரலாம். தொடாதீர்கள். ஆனால் அஞ்சி அழித்துவிட்டு மறந்தும் விடாதீர்கள். இதை யார் நெய்தான், எங்கே நெய்தான், எவருக்காக நெய்தான் என்று கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். ஜரிகையைச் சுரண்டிப் பார்த்த கைகளுக்கு இதையும் சுரண்டிப் பார்க்கும் உரிமை உண்டு.